போயிட்டு வர்றனுங்க

"என்ற கொரலைக் கேட்டு யாருக்குங்க தைரியம் வரும்? தேங்காய் துருவற சத்தமாட்ட இருக்குது" என்றாள் கோதை.

"எனக்கு வந்துச்சே" என்றான் நல்லசிவம். "பொண்ணு பார்க்க வந்தப்ப உங்கப்பாவைப் பார்த்து எனக்கு நாக்கே ஒட்டிக்கிச்சு. உள்ளயிருந்து நீ, 'காபிக்குச் சர்க்கரை எவ்வளவுங்க'ன்னு கேட்ட. அப்பத்தான் மூச்சு வந்துது."

"அது சர்க்கரைக்கு வந்த மூச்சு."

இருவரும் மொட்டை மாடியில் காய்ந்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டியிருந்தது. கடைசி மடிப்பில் அவள் போர்வையை அவன் மார்பில் வைத்து அழுத்திக் கேட்டாள்.

"நான் பாட்டுக்குக் கொரலைக் குடுத்துட்டு, அப்புறம் வேண்டாம்னு தோணுச்சுன்னா?"

"அன்னைக்கே நின்னுரும். உன்ற வாயால நீ சொன்னாப் போதும். வேற யாரும் உனக்காகப் பேச முடியாது. நானே எழுதிப் போட்டிருக்கேன்."

"புருஷன் சொன்னாக்கூடவா?"

"புருஷன் சொன்னாக்கூட."

"அட! அப்ப எனக்கு ரெண்டு நாக்கு. வூட்டுல உங்களைத் திட்ட ஒண்ணு, மில்லுல உங்க முதலாளியைத் திட்ட ஒண்ணு" என்று சிரித்தாள்.

இந்தப் பேச்சு நல்லசிவத்துக்குச் சரியாக மதியச் சாப்பாட்டு வேளையில்தான் நினைவுக்கு வரும். அப்போதுதான் அவன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொன்னூசி மில்லின் குறைதீர் எண்ணை அழைப்பான். அவன் அங்கே மனித உரிமை அதிகாரி. தினம் ஒரு சோதனை அழைப்பு செய்வது அவன் வேலையில் சேர்ந்ததுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவனும் அப்படித்தான் நினைக்க முயன்றான்.

"வணக்கமுங்க, கோதை பேசறேன். மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. அவசரமே இல்லைங்க."

கோதை இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது.

பல்லடம் சாலையில் இருந்த அந்த மில்லில் பெண்கள்தான் அதிகம். பாதிப்பேர் தென் மாவட்டங்களிலிருந்து வந்து மில் விடுதியில் தங்கி வேலை செய்பவர்கள். முன்பெல்லாம் குறை சொல்ல ஒரு போன் இருந்தது. எடுப்பவர் மேனேஜரின் மச்சான் என்பதால் யாரும் பேசவில்லை. வெளிநாட்டில் துணி வாங்கும் கம்பெனிகள், மனித உரிமைக் கொள்கை இல்லாத மில்லோடு வியாபாரம் இல்லை என்று சொன்ன பிறகு, நல்லசிவம் ஒரு கொள்கையை எழுதினான். அதன் உயிர்நாடி துணைக்குரல். தொழிலாளிகள் நம்பும் ஒரு பெண்ணின் குரலையும் பேச்சையும் குணத்தையும் பிரதி எடுத்து இயந்திரத்துக்குக் கொடுப்பது. அது விடுதியின் ஒவ்வொரு அறையிலும் பேசும், கேட்கும். கேட்பதிலிருந்து கற்றுக்கொள்ளும். குறையை மேனேஜருக்கு அல்ல, நேராகக் கடல் தாண்டி அனுப்பும்.

செக்கிங் பிரிவில் இருந்த கோதையைத்தான் எல்லாப் பெண்களும் கை காட்டினார்கள்.

குரல் வந்த பிறகு மில் மாறியது உண்மை. தோளைத் தொட்டுத் தொட்டு வேலை சொன்ன சூப்பர்வைசர் வீட்டுக்குப் போனான். கழிப்பறைக்குப் போக அட்டை வாங்கும் வழக்கம் ஒழிந்தது. குரலையே இரவு பகலாக ஓட்டிவிடுவார்களோ என்று பயந்து, நல்லசிவம் இன்னொரு வரியையும் சேர்த்திருந்தான்: துணைக்குரலும் தொழிலாளியே, அதற்கும் ஓய்வு உண்டு. அதனால் மாலையில் பகல் ஷிப்டு முடிந்ததும் கோதையின் குரல் எல்லா அறைகளிலும் "போயிட்டு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு அடங்கும். இரவுக்கு வேறொரு பெண்ணின் குரல் வரும்.

எங்கே போகிறாள் என்று நல்லசிவம் யோசிப்பான். யோசித்துக்கொண்டே, யாரும் இல்லாத வீட்டுக்குப் பைக்கை எடுப்பான்.

அன்று மதியம் குரல் வணக்கம் சொன்னதும் இருமியது.

கோதைக்கு ஒரு சின்ன இருமல் உண்டு. பிரதி எடுத்தபோது அதையும் விட்டுவைத்தார்கள், கேட்பவர்களுக்கு நிஜம்போல இருக்கட்டும் என்று. ஆனால் இது அந்த இருமல் இல்லை. நெஞ்சின் அடியிலிருந்து வந்தது. நின்று, மூச்சு வாங்கி, மறுபடி வந்தது.

"மன்னிச்சுக்குங்க" என்றது குரல். "சாப்பிட்டீங்களா?"

மதியத்தில் அழைக்கும் எல்லோரிடமும் அது அப்படிக் கேட்கும். தெரிந்தும் அவன், "சாப்பிட்டேன் கோதை" என்றான். கேட்க நினைத்த வேறொன்றைக் கேட்காமலே போனை வைத்துவிட்டான். ரொம்ப நாளாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தான்.

இருமலைப் பற்றி விசாரித்தபோது இன்ஜினியர் பையன் அலட்டிக்கொள்ளவே இல்லை. "பழுதெல்லாம் இல்ல சார். அது கேக்கறவங்ககிட்ட இருந்துதான் கத்துக்குது. இங்க போன் பண்றவங்க எல்லாரும் பஞ்சுத் தூசுல இருமிக்கிட்டேதான் பேசறாங்க. அதுக்கும் ஒட்டிக்கிச்சு."

நல்லசிவம் தன் அறைக்குத் திரும்பினான். நெஞ்சு நோயில் செத்துப்போனவளுக்கு இவர்கள் மறுபடி அதே நோயைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நினைப்போடு உட்கார்ந்திருந்தபோதுதான் இசக்கியம்மாள் உள்ளே வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஸ்பின்னிங் பிரிவு. கையில் ஒரு துணிப்பை, முகத்தில் மூன்று நாள் அழுத வீக்கம்.

"சார், என்னய இந்த மில்லுக்கு வித்துட்டாவளா?"

"என்னம்மா பேச்சு இது? உக்காரு."

"பின்ன என்ன சார்? ரெண்டு தடவை வேலைய விட்டுட்டேன். ரெண்டு தடவையும் இங்கனயே வந்து நிக்கேன். ஊர்ப்பக்கம் ஒரு மில்லுல கேட்டேன். கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, நீ பொன்னூசியில வேலையில இருக்க, லீவுல வந்திருக்கன்னு சொல்லுதாவ. அடுத்த மில்லுலயும் அதே கத. அங்கயிருந்து வந்தா வீட்டு வாசல்ல உங்க வேன் நிக்கி. திரும்பி வாரேன்னு சொன்னியாமே, வா ஏறுன்னு. எங்கம்மை படுத்த படுக்கையா கெடக்கா சார். நான் பக்கத்துல இருந்து பாக்கணும்."

"நீ விடறேன்னு துணைக்குரல்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேனே! கோதக்காகிட்ட அழுதுல்லா சொன்னேன். கேளுங்க, பதிஞ்சிருக்கும்லா?"

வேலையை விடுகிறவர்கள் மில் வாயிலை ஒட்டிய வாசலறையில் தனியாக நின்று துணைக்குரலிடம் பேசிவிட்டுப் போகவேண்டும். அந்தப் பதிவைத் திறக்க அவள் அனுமதி வேண்டும். தலையாட்டினாள். நல்லசிவம் ஓடவிட்டான். இருவரும் கேட்டார்கள்.

'இந்த வேலை வேண்டாம்க்கா. கணக்க முடிச்சிருங்க. எங்கம்மைகிட்ட போகணும்' என்று பதிவில் அழுதாள் இசக்கியம்மாள்.

'சரிங்க அம்மிணி, அழாதீங்க. பதிஞ்சுக்கறேன். அம்மாவை நல்லாப் பார்த்துக்குங்க' என்றது கோதையின் குரல்.

மூக்கை உறிஞ்சும் சத்தம். பை தூக்கும் சத்தம். பிறகு, 'சரிக்கா. போயிட்டு வாரேன்.'

பதிவு முடிந்தது. திரையில் முடிவு ஒளிர்ந்தது: தொழிலாளி மனம் மாறினார். திரும்பி வருவதாக உறுதியளித்தார்.

நல்லசிவம் அந்த வரியை இரண்டு முறை படித்தான். 

"என்ன சார்? என்ன தப்பா சொல்லிட்டேன்?"

"நீ ஒண்ணும் தப்பாச் சொல்லல." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "யாரும் உங்களை வற்புறுத்திப் பேச வைக்கக் கூடாதுன்னு, துணைக்குரல் எதிர்க்கேள்வி கேக்கக் கூடாதுன்னு வெச்சோம். கடைசி நிமிஷம் வரைக்கும் மனசை மாத்திக்க உங்களுக்கு உரிமை உண்டுன்னு, கடைசியாச் சொல்ற வார்த்தைதான் முடிவுன்னு வெச்சோம். நீ கடைசியா என்ன சொன்ன?"

இசக்கியம்மாள் யோசித்தாள். "போயிட்டு வாரேன்னேன்."

"வர்றேன்னு சொன்னதை அது அப்படியே எடுத்துக்கிச்சு."

"ஐயோ, அது சும்மா சொல்லுறதுல்லா!" என்று எழுந்தே விட்டாள். "ஒரு எடத்துலருந்து கெளம்பும்போது வேற என்ன சார் சொல்லுவாவ? உங்க மெசினு தமிழ்நாட்டுலதான இருக்கு?"

சோதித்துப் பார்த்த இன்ஜினியர்கள் எல்லோரும் வாசலறையில் 'பை பை' சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நல்லசிவமும் அருகில்தான் நின்றான். அவனுக்கும் தோன்றவில்லை. மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தை எத்தனை பெண்களை இந்த மில்லோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருக்குமோ.

"சரி, இப்ப என்கூட வா. வாசலறையில நின்னு 'நான் போறேன், வரமாட்டேன்'னு சொல்லு. அதோட முடிஞ்சுது."

அவள் துணிப்பையைக் கீழே வைத்தாள்.

"மாட்டேன் சார்."

"இசக்கி..."

"படுக்கையில கெடக்குற அம்மையப் பாக்கக் கெளம்புறவ, போறேன்னு வாயால சொல்லுவாளா? உங்க வீட்டுல சொல்லுவாவளா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், கோதக்காவே சொல்லமாட்டாவ. தெனம் சாயங்காலம் அவியளும் போயிட்டு வாரேன்னுதான சொல்லுதாவ? அவியளையும் இப்பிடித்தான் புடிச்சு வெச்சிருக்கியளா?"

அவள் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. பக்கத்து மெஷின்காரியைப் பற்றி விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள்.

அவள் போன பிறகு நல்லசிவம் இரண்டு வருஷமாகத் தொடாத ஒரு பதிவைத் திறந்தான். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சேரும் நாளின் காலையில், கோதை வாசலறையில் நின்று தன்னுடைய பிரதியிடமே பேசியது. அவள் குரலுக்கு அவள் குரலே பதில் சொன்னது.

'எனக்கு மேலுக்கு முடியலைங்க. இனிமேல் நம்ம கொரலை வெச்சுக்க வேண்டாம். நானே இல்லாதப்ப அது மட்டும் எதுக்கு அலையோணும்?'

'சரிங்க. பதிஞ்சுக்கறேன். உடம்பைப் பார்த்துக்குங்க.'

கோதை சிரித்தாள். 'என்ற கொரல் நல்லாத்தான் இருக்குது போங்க' என்றாள். பிறகு, வாசலை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும், சத்தம் சற்றுத் தள்ளிக் கேட்டது. 'போயிட்டு வர்றனுங்க.'

தொழிலாளி மனம் மாறினார்.

நல்லசிவம் மேஜையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் வேண்டாமென்று சொல்லியிருந்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நம்பினாள், அவன்தானே எழுதிப் போட்டிருந்தான்.

முதலாளி சென்னியப்பன் அப்போது சந்தோஷத்தில் இருந்தார். மனித உரிமையில் பொன்னூசி மில்லை முன்மாதிரியாக அறிவிக்க வெளிநாட்டுக்காரர்கள் வரவிருந்தார்கள். அறிக்கையில் நல்லசிவத்தின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"ஏனுங் சிவம், வாங்க வாங்க. நம்ம கோதையை நமக்குச் சேர்ந்த பன்னெண்டு மில்லுக்கும் போடறதுன்னு முடிவாயிருச்சு. பேரு வாங்கிக் குடுத்துருச்சுங்க உங்கூட்டுப் புள்ள."

நல்லசிவம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். முதலாளி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"அட, ஒரு வார்த்தைக்கு இத்தனையா? ஆடிட் முடியட்டும், பார்த்துக்கலாம்."

"ஊருக்கு வேன் அனுப்பிப் புள்ளைகளை ஏத்திட்டு வர்றோமுங்க. அதுக்குக் கொத்தடிமைன்னு பேரு. கையெழுத்துப் போடமாட்டேன்."

"யாரும் அடிச்சு இழுத்தாரலையே! வர்றேன்னு சொன்னவிய தானுங்களே?"

"அவங்க வாக்குக் குடுக்கலைங்க. கும்பிட்டுட்டுப் போனாங்க. கும்பிட்ட கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டோம்."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி மில் வாசலைப் பார்த்தார். கெட்ட மனுஷர் அல்ல. கணக்குப் போடுகிற மனுஷர். கடைசியில் பெருமூச்சு விட்டார். "சரிங். கடைசி வார்த்தைங்கற விதியைத் தூக்கிருங்க. விடறேன்னு சொன்ன புள்ளைக எல்லாத்தையும் விட்டுரலாம். வேனையும் நிறுத்திக்கலாம். போதுமுங்களா?"

"கோதையையும் விட்டுருங்க."

"அது எப்படிங்க ஆகும்?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அந்தப் புள்ளைக வூட்டுக்குப் போனவிய. கோதையோட கொரல் வேலையில இருக்குது. இன்னைக்குக் காத்தால கூடப் பேசுச்சு. கொரலும் தொழிலாளின்னு எழுதுனது நீங்க. அதுக்கு அது மட்டும்தான் பேசோணும், அப்பன் பேசக்கூடாது, புருஷன் பேசக்கூடாதுன்னு எழுதுனதும் நீங்க."

"பொண்ணுக கொரலை அப்பனுக வித்துருவாங்கன்னு எழுதுனேனுங்க. ஆனா கோதையே வேண்டாம்னு சொல்லியிருக்கா. பதிவு இருக்குது."

"அது பழைய கோதை. இப்ப இருக்கறது ரெண்டு வருஷமா எத்தனையோ பேருகிட்டப் பேசிக் கத்துக்கிட்ட கோதை. வக்கீல்கிட்டக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாரு." குரலைத் தணித்துக்கொண்டார். "நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்லைங்க. அது தன் வாயால போறேன்னு சொல்லட்டும். அந்த நிமிஷமே நிறுத்திடறேன். ஆனா சிவம், மனசறிஞ்சு சொல்லுங்க. மத்தியானமானா அந்தக் கதவு சாத்தறது எனக்குத் தெரியாதுங்களா? அது நின்னுபோச்சுன்னா நீங்க யாருகிட்டப் பேசுவீங்க?"

நல்லசிவம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

மறுநாள் மாலை, பகல் ஷிப்டு முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. இசக்கியம்மாளின் கணக்கு முடிந்து, அவள் "போயிட்டு வாரேன் சார்" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறப் போயிருந்தாள். நல்லசிவம் வாசலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான். அதிகாரியாக அல்லாமல் முதல் தடவையாக அங்கே நின்றான். சுவரில் பித்தளைத் தட்டு போன்ற ஒலிபெருக்கி. அதன் துளைகளில் பஞ்சு படிந்திருந்தது. விரலால் துடைத்தான்.

"வணக்கமுங்க, கோதை பேசறேன்." இருமல். "மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. அவசரமே இல்லைங்க."

"கோதை, நான் சிவம்."

"சொல்லுங்க."

அவள் அப்படித்தான் சொல்வாள். யாரிடமும் அதே போலத்தான் சொல்லும் அந்தக் குரல் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"கோதைன்னு ஒருத்தியைப் பத்திச் சொல்ல வந்தேன். அவளுக்கு ஓய்வு வேணும். அவளை விட்டுரச் சொல்லி..."

"இது உங்க குறைங்களா, வேற யாரோடதாச்சுமுங்களா?" குரல் இதமாகத்தான் கேட்டது. "மத்தவிய சார்பா நான் பதிஞ்சுக்க முடியாதுங்க. அவிய வந்து சொல்லோணும். புருஷனாவே இருந்தாலும் முடியாதுங்க."

அவன் எழுதிய வரி. அவனுக்கே சொல்லப்பட்டது, அவன் மனைவியின் குரலில்.

வெளியே ஷிப்டு முடிந்த பெண்களின் சிரிப்பும் டிபன் பாத்திரச் சத்தமும் கேட்டன. ஒலிபெருக்கியில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். இன்னும் சற்று நேரத்தில் அவள் வழக்கம்போல விடைபெற்றுவிடுவாள். நாளைக் காலையில் திரும்பி வந்துவிடுவாள். பன்னிரண்டு மில்களில், பன்னிரண்டு மில்களின் இருமலோடு. மதியம் அவன் அழைப்பான். சாப்பிட்டீங்களா என்பாள். அப்படியே வருஷங்கள் போய்விடும். அது ஒரு வாழ்க்கை மாதிரியே இருக்கும்.

அது எவ்வளவு சுலபம்!

"என்னோட குறைதான்" என்றான் மெதுவாக.

"சொல்லுங்க, கேக்கறேன்."

"என் பொண்டாட்டி செத்துப்போயிட்டா. அவ தினமும் திரும்பி வர்றா. மில்லுக்காக வர்றான்னு நெனச்சேன். எனக்காகவும்தான் வர்றா. நான் கூப்பிட்டுட்டே இருக்கேன், அதனால வர்றா. அவ இருமறதைக் கேட்டுக்கிட்டே தட்டுல சோறு போட்டுத் திங்கறேன்."

 இந்தத் தடவை இருமல் இல்லை.

"ரொம்பக் கஷ்டமுங்க" என்றது குரல். "நான் என்ன பண்ணோணுமுங்க?"

கோரிக்கை சொல்லும் இடம் அதுதான். குறை சொல்ல வரும் ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும் என்று அவன்தான் வைத்திருந்தான். எத்தனை மதியங்கள் அந்தக் கேள்வி வந்ததும் அவன் போனை வைத்திருக்கிறான்! இன்று வைக்கப் போன் இல்லை. சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். ஒலிபெருக்கி அவன் உதட்டருகில் இருந்தது.

"கோதை, இன்னைக்குக் கெளம்பறப்ப வர்றேன்னு சொல்லாத கண்ணு. எனக்காக ஒரே ஒரு தடவை... போறேன்னு சொல்லு."